பர்னம் தெருவில் ரைட்டின் ஆறு வீடுகள்: போய்ப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரம். அதன் தெற்குப் பகுதியில் மேற்கு பர்னம் தெருவும் லேட்டன் புலிவார்டும் சந்திக்கும் முனையில் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த ஆறு சிறிய வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மரங்களைத் தொழிற்சாலையிலேயே அளவெடுத்து அறுத்து, மனைக்குக் கொண்டுவந்து, 1915–16இல் எழுப்பிய வீடுகள் இவை.

சிகாகோவில் இருப்பதால் நண்பர்களையும் ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் அங்கே பலமுறை கூட்டிப்போயிருக்கிறேன். ஆரம்பத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் இருபது நிமிடத்தில் “அவ்வளவுதானா?” என்று கேட்டார்கள். பார்க்கும் வரிசையை மாற்றிக் கூட்டிப்போனதும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதில் முதலில் தெளிவு

“முன்கூட்டித் தயாரித்த வீடு” என்றதும் நம் மனதில் வருவது கிரேனில் தூக்கி வைக்கும் சுவர்கள், அல்லது லாரியில் வந்து இறங்கும் முழு அறை. பர்னம் தெருவில் அப்படி எதுவும் இல்லை. இணைப்புக் கோடுகளைத் தேடினால் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. முதல் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

இத்திட்டத்தின் பெயர் அமெரிக்கன் சிஸ்டம்-பில்ட் ஹோம்ஸ். ரைட்டும் மில்வாக்கியைச் சேர்ந்த கட்டுநர் ஆர்தர் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து நடத்தியது. சட்ட மரங்கள் முதல் அலங்கார மரப்பட்டைகள் (சுவரில் பட்டையாக ஓடும் நீள மரத்துண்டுகள்) வரை ஆலையிலேயே அறுபட்டன. அஸ்திவாரம், உட்பூச்சு, வெளியே ஸ்டக்கோ எனும் காரைப் பூச்சு, குழாய் வேலை எல்லாம் மனையில் ஆட்கள் செய்தவை. அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தது வீடு அல்ல, அறுத்து முடித்த மரம்.

இப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. மனையில் தச்சர் ஒவ்வொரு மரமாக அளந்து அறுத்தால் நாள் கூடும், துண்டு மரம் வீணாகும், கூலி ஏறும். அறுக்கும் வேலையை ஆலைக்குக் கொடுத்துவிட்டால் நடுத்தரக் குடும்பமும் நல்ல வடிவமைப்புள்ள வீட்டை வாங்கலாம் என்பது ரைட்டின் கணக்கு. இதற்காக அவர் அலுவலகத்தில் 900க்கும் மேற்பட்ட வரைபடங்கள் உருவாயின. அவருடைய வேறு எந்தத் திட்டத்துக்கும் இத்தனை வரைபடங்கள் இல்லை.

ஆகவே அங்கே தேட வேண்டியது இணைப்புக் கோட்டை அல்ல, திரும்பத் திரும்ப வருவதை. ஒரே ஜன்னல், ஒரே மரப்பட்டை, ஒரே அளவு எங்கெங்கே மறுபடி வருகின்றன என்பதுதான் இந்த வீடுகளில் தொழிற்சாலை விட்டுப்போன தடம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

2. சுற்று நடக்கும் நாளை முதலில் பிடியுங்கள்

ரயில், தங்குமிடம், உடன் வருபவர்களின் விடுமுறை இவற்றையெல்லாம் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் வீட்டின் நேரத்தைப் பார்ப்பவர்களே அதிகம். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். உள்ளே போய்ப் பார்ப்பது வழிகாட்டியுடன் நடக்கும் சுற்றில்தான். அதுவும் தினசரி கிடையாது, குறிப்பிட்ட நாட்களில் மட்டும். வீடுகளைப் பராமரிக்கும் அமைப்பின் பெயர் ஃபிராங்க் லாய்ட் ரைட்ஸ் பர்னம் பிளாக். அவர்களின் அதிகாரபூர்வ நாட்காட்டியில் நாளைப் பார்த்து, இடத்தைப் பதிவு செய்த பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள்.

வீடு மிகச் சிறியது. ஒரு குழுவில் அதிகம் பேரை நிறுத்த இடமில்லை. “நேரில் போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்” என்று கிளம்ப வேண்டாம்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ஏப்ரல் பிற்பாதி அல்லது அக்டோபர் கடைசி என் விருப்பம். கோடையில் தெரு மரங்களின் இலை வீட்டு முகப்பை மறைத்துவிடும். ஜனவரியில் இலை இருக்காது என்பது உண்மைதான். ஆனால் மில்வாக்கிக் குளிரில் வெளியே ஒரு மணி நேரம் நின்று வீடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. இந்தப் பயணத்தில் பாதி வேலை வெளியேதான்.

கூட வருபவர்களுக்கு முழங்கால் வலி இருந்தாலோ, சக்கர நாற்காலி தேவைப்பட்டாலோ பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பழைய வீடு, படிகள் இருக்கும், நடைபாதைகள் குறுகல். என்ன ஏற்பாடு முடியும் என்று அவர்கள் முன்கூட்டிச் சொன்னால் பெரியவர்களை வாசலில் உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் உள்ளே போகும் சங்கடம் வராது.

3. போவதற்கு முன் ஒரு பிளானைக் கையால் வரையுங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் செலவழித்தால் இதைப்போலப் பலன் தருவது வேறில்லை.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இத்திட்டத்தின் வண்ண அச்சுப் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக அச்சடித்தவை அவை. வெளித்தோற்றம், உட்தோற்றம், பிளான் எல்லாம் அதில் உண்டு. ஒன்றிரண்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு சிறிய வீட்டின் பிளானைக் காகிதத்தில் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. கதவு எங்கே, கணப்பு எங்கே, சமையலறைக்கு எப்படிப் போவது என்று கை போய்வந்தால் போதும்.

உள்ளே வழிகாட்டி பேசிக்கொண்டே நடப்பார், கூட்டம் நகரும், நாம் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். கையால் வரைந்தவருக்கு அந்தக் குழப்பம் வராது. “இந்தச் சுவருக்குப் பின்னால் படுக்கையறை” என்று அவருக்கே தெரிந்திருக்கும், அதனால் கண் வேறு விஷயங்களுக்குப் போகும்.

அப்புறம் இன்னொரு சின்ன வேலை. நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் பரப்பளவு எத்தனை சதுர அடி என்று தெரிந்துகொள்ளுங்கள். சுற்றில் உள்ளே போய்ப் பார்க்கப்போகும் வீடு, இத்திட்டத்தில் பி-1 என்று பெயரிட்ட மாதிரி, 805 சதுர அடி. சென்னையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் இருந்தவர்களுக்கு இந்த எண் உடனே புரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்று தெரிந்து உள்ளே போனால், அதே அளவு எப்படி இவ்வளவு வேறாக உணரப்படுகிறது என்ற கேள்வி தானே எழும்.

4. எடுத்துச்செல்ல வேண்டியவை

நீங்கள் வரைந்த பிளான், பென்சில், சிறிய குறிப்பேடு. எளிதில் கழற்றி மாட்டும் காலணி. குளிர்காலமென்றால் கனமான கோட்டு வேண்டும்தான், ஆனால் பெரிய முதுகுப்பையைக் காரிலேயே விட்டுவிடுங்கள். குறுகலான இடத்தில் திரும்பும்போது பை பழைய மரவேலையில் உரசும். கழிப்பறைக்கு முன்பே போய்விட்டு வாருங்கள். இது குடியிருப்புத் தெரு, கடைவீதி அல்ல.

5. போய்ச் சேருவது

சிகாகோவிலிருந்து ரயில் என்றால் யூனியன் ஸ்டேஷனில் ஆம்ட்ராக்கின் ஹயவாதா. ஒன்றரை மணி நேரத்தில் மில்வாக்கி இன்டர்மோடல் ஸ்டேஷன். அங்கிருந்து வீடுகள் இருக்கும் முனை ஏறக்குறைய 3 மைல். வாடகைக் கார் எளிது. காரில் வருபவர்களுக்கு ஐ-94 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நாளில் அதே ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையையும் சனிக்கிழமை காலையையும் நம்ப வேண்டாம்.

வரைபடச் செயலியில் “பர்னம் தெரு” என்று மட்டும் போடாதீர்கள். இந்தத் தெரு மேற்கே வெஸ்ட் ஆலிஸ் வரை நீள்கிறது. எங்களோடு வர வேண்டிய ஒரு குடும்பம் ஒருமுறை அந்தப் பக்கம் போய்விட்டது, சுற்று தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். 2714 மேற்கு பர்னம் தெரு, மில்வாக்கி என்று முழு முகவரியைப் போடுங்கள். 27ஆம் தெருதான் இந்தப் பகுதியில் லேட்டன் புலிவார்டு என்ற பெயரில் ஓடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பேருந்தில் வருபவர்களும் குழம்ப மாட்டார்கள்.

6. ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, நான்கு இரட்டை வீடுகளை முதலில் பாருங்கள்

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படி.

வந்ததும் எல்லோரும் நேராகப் புதுப்பித்த பி-1 வீட்டின் முன் போய் நின்று படம் எடுக்கத் தொடங்குவார்கள். அதற்கு மேற்கே இருக்கும் நான்கு கட்டிடங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் பி-1ஐ அப்போது பார்க்கவே கூடாது. அதைத் தாண்டி மேற்கே நடந்து, 2732இல் தொடங்குங்கள்.

2720 முதல் 2734 வரை எண்கள் கொண்ட நான்கு கட்டிடங்களும் ஒரே மாதிரியில் கட்டிய இரட்டை வீடுகள். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். ஒரே வரைபடம் ஒரே தெருவில் நான்கு முறை கட்டிடமாக எழுந்து நிற்பதை இங்கே பார்க்கலாம். தனி வீடு ஒன்றை மட்டும் பார்த்தால் அது “ரைட் வரைந்த ஒரு சின்ன வீடு”, அவ்வளவுதான். நான்கையும் ஒன்றாகப் பார்த்தால்தான் இது ஒரு முறைமை (சிஸ்டம்) என்பது கண்ணில் படும்.

எதிர்ப்பக்க நடைபாதையில் நில்லுங்கள். நான்கும் ஒரே பார்வையில் வரும் தூரம் வேண்டும். முதலில் கூரை விளிம்பை மட்டும் கண்ணால் தொடருங்கள். பிறகு ஜன்னல் வரிசை. ஜன்னல்களைத் தனித்தனி ஓட்டைகளாக விடாமல் மரப்பட்டை எப்படி ஒரே கிடைக்கோடாகச் சேர்த்துக் கட்டுகிறது என்று பாருங்கள். பூச்சு மலிவானது, மரமும் எளியது. அந்தக் கோடுதான் வீட்டை அகலமாகவும் தாழ்வாகவும் காட்டுகிறது. ஒரு கட்டிடத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

அடுத்தது, வேறுபாடுகளைக் குறித்துக்கொள்வது. குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் மற்றவற்றில் இல்லாத ஏதாவது ஒன்றை எழுதுங்கள். நூறு வருடங்களுக்கு மேல் மக்கள் குடியிருந்த வீடுகள். வெளிப்பூச்சின் மேல் வேறு பொருளை ஒட்டியிருப்பார்கள், ஜன்னலை மாற்றியிருப்பார்கள், திறந்த பகுதியை அடைத்திருப்பார்கள். சீரமைப்பும் வீடு வீடாகத்தான் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கும்.

இந்த மாற்றங்களைக் கண்டு சிலர் “கெடுத்துவிட்டார்கள்” என்று வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்குப் போகும் குடும்பங்களுக்காகக் கட்டியதை அந்தக் குடும்பங்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரே அச்சில் வந்த நான்கும் இன்று நான்கு விதமாக இருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

ஒரு கண்டிப்பான விஷயம். இந்த வரிசையில் இருப்பதெல்லாம் அருங்காட்சியகம் என்று நினைக்காதீர்கள். படியேறிக் கதவைத் தட்டுவது, ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப்பார்ப்பது, கட்டிடங்களுக்கு இடையே உள்ள சந்தில் நுழைவது எல்லாம் கூடாது. நடைபாதையிலிருந்தே எல்லாம் தெரியும். அக்கம்பக்கத்தில் மக்கள் வசிக்கிறார்கள், அவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கேமராவைத் திருப்பாதீர்கள்.

7. மூலை வீட்டுக்கு ஐந்து நிமிடம்

1835 தெற்கு லேட்டன் புலிவார்டில் இருப்பது சி-3 என்ற மாதிரியில் கட்டிய பங்களா. இதன் முகம் வேறு தெருவில் இருப்பதால் பலர் ஆறு வீடுகளில் ஐந்தை மட்டும் எண்ணிவிட்டு ஆறாவதைத் தேடுவார்கள். முனையைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். இரட்டை வீடுகளில் கண்ட அதே மரப்பட்டை, அதே ஜன்னல் விகிதம் வேறொரு பிளானில் எப்படி வருகிறது என்று கவனித்தால் போதும்.

8. இப்போது பி-1 வீட்டுக்குள்

வெளியே ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு உள்ளே நுழைபவருக்கும் நேராக உள்ளே வருபவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாமவர் ஏற்கெனவே மரப்பட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.

நுழைந்ததும் ஒரு நிமிடம் எதையும் படம் எடுக்காமல் நில்லுங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்பதைச் சுற்றின் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் இந்த ஒரு நிமிடம் பதற்றமில்லாமல் கழியும். 805 சதுர அடியில் நிற்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எவ்வளவு தூரம் பார்வை போகிறது என்று பாருங்கள்.

உட்காரும் இடமும் சாப்பிடும் இடமும் தனி அறைகளாக அடைபடவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வை தடையில்லாமல் போகிறது. சின்ன வீட்டில் சுவர் குறைந்தால் இடம் கூடும், செலவும் குறையும். கணப்பை ஒட்டி வீடு திரள்வதையும் கவனியுங்கள்.

அடுத்து மரவேலை. உள்ளே ஓடும் மரப்பட்டைகளை ஒரு கதவின் மேலிருந்து தொடங்கி, விரலால் தொடாமல் கண்ணால் மட்டும் சுற்றிலும் தொடருங்கள். வெளியே கண்ட கிடைக்கோடு உள்ளேயும் வருகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஓர் உயரம், மேலே ஓர் உயரம் என்று சுவர் இரண்டாகப் பிரிந்து நிற்பதால் கூரை எவ்வளவு உயரம் என்று மனம் கணக்குப் போடுவதில்லை. ஆலையில் நேராக அறுத்த, செதுக்கல் எதுவும் இல்லாத மரத்தை வைத்துச் செய்த வேலை இது. இந்த வீட்டில் நான் அதிக நேரம் நிற்பது இங்கேதான்.

சுவரோடு சேர்த்துச் செய்த இருக்கைகளையும் அலமாரிகளையும் பாருங்கள். அறைக்கலன்களை வாங்கி அடைக்காமல் இருந்தால்தான் சின்ன அறை சின்ன அறையாகத் தெரியாது. பிறகு ஜன்னல்கள். மேலே தூக்கும் ஜன்னல் பாதிதான் திறக்கும். கதவுபோல் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் முழுவதும் திறக்கும். இங்கே எது என்று கவனியுங்கள்.

நேரம் மிஞ்சினால் வாசல் கதவையும் பாருங்கள். ரைட்டின் வீடுகளில் கதவு பெரும்பாலும் தெருவுக்கு நேராக முகம் காட்டாது. நேராக நடந்து நுழைய விடாமல் ஒரு திருப்பம் வைத்துத்தான் உள்ளே அழைப்பார்.

9. வழிகாட்டியிடம் என்ன கேட்பது

“இது யாருடைய நாற்காலி?” என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அங்கே சுற்று நடத்துபவர்கள் இந்த வீடுகளின் சீரமைப்பை அருகிலிருந்து பார்த்தவர்கள், நல்ல கேள்விக்குக் காத்திருப்பவர்கள். நான் எப்போதும் கேட்பது மூன்று: இந்த அறையில் எந்த மரம் 1916இல் வந்தது, எது பிறகு மாற்றியது? பூச்சை உடைத்துப் பார்த்தபோது உள்ளே மரச்சட்டம் வரைபடத்தில் இருப்பதுபோலவே இருந்ததா? ஆலையில் அறுத்து அனுப்பியதை மனையில் தச்சர் மறுபடி வெட்ட வேண்டியிருந்த இடம் ஏதாவது உண்டா?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. முறைமை காகிதத்தில் எப்படி இருந்தது, மண்ணில் இறங்கியபோது எப்படி ஆனது என்பது அந்த ஒரு பதிலில் வந்துவிடும். ரைட் அந்த ஆண்டுகளில் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் வேலையில் மூழ்கியிருந்தார் என்பதையும் நினைவில் வைத்துக் கேளுங்கள்.

10. அதே நாளில் போக் வீடு, வேறு எதுவும் வேண்டாம்

மில்வாக்கி வரை வந்துவிட்டோம் என்று தெற்கே ரசீன் நகரில் ரைட் வடிவமைத்த ஜான்சன் நிறுவனக் கட்டிடங்களையும் அதே நாளில் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. அவற்றுக்குத் தனிப் பதிவு வேண்டும், தனிப் பயணமும் வேண்டும். அவசரத்தில் இரண்டுமே மனதில் நிற்காது. ரசீனுக்கு வேறொரு நாள் வையுங்கள்.

சேர்க்கத் தகுந்தது ஒன்றுதான். நகரின் வடகிழக்கில், ஏரிப் பக்கமாக, டெரஸ் அவென்யூவில் இருக்கும் போக் வீடு. இதையும் ரைட் 1916இல்தான் வடிவமைத்தார். ஆனால் இது ஒரு வசதியான குடும்பத்துக்காகத் தனியாக வரைந்தது. தனியார் வீடு, தெருவிலிருந்து மட்டும் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும்.

பர்னம் தெரு முதலில், போக் வீடு பிறகு. வரிசையை மாற்றினால் செங்கல்லும் அலங்காரமும் கொண்ட பெரிய வீட்டைப் பார்த்த கண்ணுக்குச் சின்ன வீடுகள் ஏழையாகத் தெரியும். இந்த வரிசையில் போனால் பெரிய வீட்டின் முன் நிற்கும்போது, இங்கே ஒரே முறைதான் செய்திருக்கிறார், அங்கே பல முறை செய்யக்கூடியதாக யோசித்திருக்கிறார் என்று மனம் தானாக ஒப்பிடும்.

11. மற்ற ஊர்களில் உள்ளவை

இதே திட்டத்தில் கட்டிய வீடுகள் சிகாகோவின் தெற்கு ஹோய்ன் அவென்யூ, எவன்ஸ்டன், வில்மெட், அயோவா மாநிலத்தின் மொனோனா ஆகிய இடங்களிலும் இருக்கின்றன. மில்வாக்கியை ஒட்டிய ஷோர்வுட்டில் உள்ள ஒன்று ரைட்டுடையது என்று 2015இல்தான் அடையாளம் கண்டார்கள். இவை பெரும்பாலும் மக்கள் வசிக்கும் தனியார் வீடுகள், எனவே நடைபாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிகாகோவில் இருப்பவர்கள் ஹோய்ன் அவென்யூவில்தான் தொடங்க நினைப்பார்கள், பக்கம் என்பதால். அப்படிச் செய்ய வேண்டாம். அங்கே ஒவ்வொரு வீடும் வேறு வீடுகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது, ஒப்பிடப் பக்கத்தில் இன்னொன்று இல்லை. பர்னம் தெருவில் நான்கு கட்டங்கள் போட்ட அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹோய்ன் அவென்யூவுக்குப் போங்கள். மரப்பட்டையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.